விவிலிய வசனத்திலிருந்து சிறு நிகழ்பட விளையாட்டு வடிவமைத்தல்

விவிலியத்தின் ஒரு வசனத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒருவரோ இருவரோ சில வாரங்களில் உருவாக்கும் எளிய கணினி அல்லது கைப்பேசி விளையாட்டைப் பற்றியது இக்கட்டுரை. பேச்சு வழக்கில் இதை 'வீடியோ கேம்' என்பர். பத்துப் பதினைந்து நிமிடங்களில் விளையாடி முடிக்கும் அளவே இதற்குப் போதும். ஞாயிறு பள்ளிகளிலும் கல்லூரிச் செயல்திட்டங்களிலும் இவ்வகை முயற்சிகளுக்கு இடமுண்டு.

இதில் எழும் முதன்மையான சிக்கல் தொழில்நுட்பம் அன்று. வசனம் என்பது சொல். விளையாட்டு என்பது செயல். நூலைப் படிப்பவர் வேறொருவர் செய்ததைக் கேட்டறிகிறார். விளையாடுபவரோ அதைத் தாமே செய்கிறார். ஆகவே ஒரு விளையாட்டு என்ன சொல்கிறது என்பதை அதன் திரையில் தோன்றும் எழுத்தைவிட, அது விரல்களைச் செய்ய வைக்கும் வேலையே முடிவு செய்கிறது. திரையில் இரக்கம் பற்றிய வசனமும் விரலில் துப்பாக்கியும் இருந்தால், பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது துப்பாக்கிதான்.

முன்னோடிகள்

விவிலியத்தை விளையாட்டாக்கும் முயற்சி புதிதன்று. 1991-இல் அமெரிக்காவின் விஸ்டம் ட்ரீ நிறுவனம் 'பைபிள் அட்வெஞ்சர்ஸ்' என்ற விளையாட்டை நிண்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது. விஸ்டம் ட்ரீ, கலர் ட்ரீம்ஸ் என்ற நிறுவனத்திலிருந்து கிளைத்தது. கலர் ட்ரீம்ஸ் நிண்டெண்டோவின் உரிமம் பெறாமல் விளையாட்டுகளைத் தயாரித்து வந்ததால், பொம்மைக் கடைகளில் அதற்கு இடம் கிடைப்பது கடினமாக இருந்தது. அத்தகைய சரக்கை விற்றால் நிண்டெண்டோவின் பகையைத் தேட வேண்டிவரும் என்று கடைக்காரர்கள் அஞ்சினர். கிறித்தவப் புத்தகக் கடைகளோ நிண்டெண்டோவை நம்பிப் பிழைப்பவை அல்ல. அவற்றுக்கு அந்த அச்சம் இல்லை. பக்தி நூல்களோடு விளையாட்டுகளும் அங்கே விற்பனைக்கு வந்தன. பக்தியும் வணிகக் கணக்கும் சேர்ந்தே இவ்வகை பிறந்தது எனலாம்.

'பைபிள் அட்வெஞ்சர்ஸ்' தொகுப்பில் நோவாவின் பேழை, குழந்தை மோசே, தாவீதும் கோலியாத்தும் என மூன்று விளையாட்டுகள் உள்ளன. மூன்றுக்கும் அடிப்படைச் செயல் ஒன்றே: ஓடு, குதி, தூக்கு, எறி. இடையிடையே வசனப் பலகைகள் கிடைக்கும். எடுத்தால் வசனம் திரையில் தோன்றும். நோவா விலங்குகளைத் தலைக்கு மேல் தூக்கிச் செல்வது வேடிக்கையாகவே இருக்கிறது. ஆனால் அதே விதி குழந்தை மோசேயின் கதைக்கும் பொருத்தப்பட்டது. அதன் விளைவாக, எந்தக் குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமோ அந்தக் குழந்தையைப் பொத்தானை அழுத்தித் தூக்கி எறியவும் முடிந்தது. யாத்திராகமம் 2:3-இல் தாய் நாணற்பெட்டியைப் பூசி, பிள்ளையை அதில் கிடத்தி, ஆற்றங்கரை நாணலுக்குள் வைக்கிறாள். வைப்பதும் எறிவதும் ஒன்றல்ல. இதை உருவாக்கியவர்கள் விவிலியத்தை இகழ எண்ணியிருக்க மாட்டார்கள். வேறொரு கதைக்குரிய வினையை இங்கும் அப்படியே வைத்துக்கொண்டதுதான் பிழை.

அதே நிறுவனம் 1994-இல் வெளியிட்ட 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்' இன்னும் விசித்திரமானது. நாஜிப் படைவீரர்களைச் சுடும் 'உல்ஃபன்ஸ்டைன் 3டி' விளையாட்டின் இயங்குபொறியை விலைக்குப் பெற்று, துப்பாக்கிக்குப் பதில் உணவை வீசும் கருவியை நோவாவின் கையில் கொடுத்தார்கள். தீனி பட்ட விலங்குகள் உறங்கிவிடும். சிரிப்பு வந்தாலும், பேழைக்குள் நோவாவின் அன்றாட வேலை தீனி போடுவதாகத்தானே இருந்திருக்கும்? வினையைச் சிறிதளவாவது மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது குறிப்பிடத்தக்கது.

முற்றிலும் வேறு திசையில் சென்றது 2011-இல் எட்மண்ட் மெக்மில்லன், புளோரியன் ஹிம்சல் ஆகிய இருவர் உருவாக்கிய 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்'. ஒரு வாரச் சோதனை முயற்சியாகத் தொடங்கி வளர்ந்த இவ்விளையாட்டு ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தை, பலியாகவிருந்த பிள்ளையின் பக்கமிருந்து பார்க்கிறது. அந்த அதிகாரத்தில் ஈசாக்கு வாய்திறப்பது ஏழாம் வசனத்தில் மட்டுமே. விளையாட்டில் ஐசக் இக்காலத்துச் சிறுவன். வானிலிருந்து குரல் கேட்டதாக நம்பும் தாயிடமிருந்து தப்பி நிலவறைக்குள் ஓடுகிறான். அவனுடைய ஆயுதம் கண்ணீர். அழுவதே விளையாடுபவரின் செயல். அருவருப்பூட்டும் காட்சிகள் நிறைந்திருப்பதால் இது சிறுவர்க்கு உகந்ததன்று. இதன் சமயப் பார்வையைப் பலர் ஏற்கவும் மாட்டார்கள். 2012-இல் நிண்டெண்டோ சமய உள்ளடக்கத்தைக் காரணம் காட்டித் தன் கைக்கருவிக்கு இதை மறுத்தது. பின்னர் 2015-இல் இதன் புதுவடிவம் அந்நிறுவனத்தின் கருவிகளிலும் வந்தது. ஒரு வசனப் பகுதியை எப்படி வினையாக மாற்றுவது என்ற கேள்விக்கு, ஏற்றாலும் மறுத்தாலும், இது ஆழமான விடை.

வசனத்தைத் தெரிவு செய்தல்

எல்லா வசனமும் விளையாட்டாகாது. 1 யோவான் 4:8 கடவுளின் இயல்பைச் சொல்கிறது. மனப்பாடம் செய்ய எளிது. ஆனால் அதில் விளையாடுபவர் செய்ய ஒன்றுமில்லை. தொடக்க நிலையில் இருப்பவர்கள் இத்தகைய புகழ்பெற்ற வசனத்தை எடுத்துக்கொண்டு, பிறகு அதில் இதயப் படங்களைச் சேகரிக்கும் விளையாட்டைச் செய்துவிடுகிறார்கள்.

செயலும் அளவும் தடையும் உள்ள பகுதிகளே ஏற்றவை. யோசுவா 6-ஆம் அதிகாரத்தில் எரிகோவை ஆறு நாள் நாளொன்றுக்கு ஒருமுறையும் ஏழாம் நாள் ஏழு முறையும், ஆக 13 முறை, வாய்திறவாமல் சுற்ற வேண்டும். விளையாட்டில் பொத்தானை அழுத்தாமலிருப்பதையே விதியாக்க இது நல்ல வாய்ப்பு. 2 இராஜாக்கள் 4:1-7-இல் கடன்பட்ட விதவை அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்குகிறாள். பாத்திரம் உள்ளவரை எண்ணெய் வருகிறது, பாத்திரம் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. எத்தனை பாத்திரம் கேட்பது என்பதை எண்ணெய் வருமுன்பே முடிவு செய்ய வேண்டும் என்பதால், இது ஏறக்குறைய ஆயத்தமான விளையாட்டு.

எடுத்துக்காட்டு: லூக்கா 15:4

காணாமற்போன ஆட்டின் உவமை அனைவரும் அறிந்தது. 100 செம்மறிகளில் ஒன்று தொலைகிறது; மேய்ப்பன் 99-ஐயும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடுகிறான். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இக்கதையை விளையாட்டாக்க முனையும்போதுதான் அதிலுள்ள கடினம் புலப்படும்.

முதலில் எந்த நற்செய்தி என்று முடிவு செய்ய வேண்டும். இதே உவமை மத்தேயு 18:12-13-இலும் உண்டு. ஆனால் மத்தேயுவில் அவன் ஆட்டைக் கண்டுபிடித்தால் மகிழ்வான் என்று நிபந்தனையாக உள்ளது. லூக்காவிலோ கண்டுபிடிக்கும் வரை தேடுவான் என்று உள்ளது. படிக்கும்போது கவனத்தில் படாத இந்த வேறுபாடு, விளையாட்டில் இரண்டு தனித்தனி விளையாட்டுகளாகவே பிரிகிறது. மத்தேயுவின்படி செய்தால் தோல்வி இருக்கலாம்: இருள் கவியும், நேரம் தீரும், ஆடு கிடைக்காமலும் போகும். லூக்காவின்படி செய்தால் கடிகாரமே இருக்கக் கூடாது. 'ஆட்டம் முடிந்தது' என்ற திரையும் கூடாது. இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு லூக்காவின் அமைப்பு எளிதில் விளங்கும். விட்டு, போய், தேடி என்னும் எச்சங்கள் தாமாக நிற்கமாட்டா; ஒரு முற்றை வேண்டி நிற்கும். ஆடு கிடைக்கும்வரை மேய்ப்பன் எச்சத்திலேயே இருக்கிறான். மேலும், அந்த வசனம் வினா வடிவில் உள்ளது. உங்களில் யார்தான் இப்படிச் செய்யமாட்டார் என்று இயேசு கேட்கிறார். கணக்குப் பார்க்கும் எவரும் 'நான் செய்யமாட்டேன்' என்று சொல்லத்தக்க கேள்வி அது. அந்த மறுப்பைச் சொல்லும் உரிமை விளையாடுபவருக்கும் இருந்தால்தான் வினா வினாவாக நிற்கும்.

களம் எது என்பதிலும் தவறு நேர்வதுண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'வனாந்தரம்' என்ற சொல் இருப்பதால், படம் வரையும் மாணவர்கள் அடர்ந்த காட்டை வரைந்துவிடுவர். கிரேக்க மூலத்தில் உள்ள 'எரேமோஸ்' என்பதற்கு ஆளற்ற வெளி என்று பொருள். எருசலேமுக்குக் கிழக்கே சாக்கடலை நோக்கிச் சரியும் யூதேயாவின் வறண்ட சுண்ணாம்புக் குன்றுகளும், மழை பெய்தால் மட்டுமே நீரோடும் பள்ளங்களும், குளிர்கால மழைக்குப் பின் சில வாரமே தலைகாட்டும் புல்லும் சரியான களம். பிறகு, தமிழில் ஆடு என்றால் வெள்ளாடும் அடங்கும். வரைய வேண்டியது செம்மறி.

நூறை எண்ணுவது

ஒன்று குறைகிறது என்று விளையாடுபவருக்கு எப்படித் தெரியும்? திரையின் மூலையில் '99/100' என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அங்கே கண்டறிய எதுவுமில்லை. அதைவிட மோசமாக, பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்குப் பழகிய கண்ணுக்கு 99 என்பது பாராட்டத்தக்க எண்.

இதற்குக் கூழாங்கல் முறை நல்ல தீர்வு. எண் பெயர் தேவைப்படாத மிகப் பழைய கணக்கு இது. கணக்கிடுதலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பல, சிறு கல் என்று பொருள்படும் 'கல்குலஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. மெசப்பொத்தேமியாவின் நூசி நகரில் கால்நடைகளைக் குறிக்கும் கற்கள் அடங்கிய களிமண் உறையும் கிடைத்துள்ளது. விளையாட்டில், காலையில் இரு பாறைகளுக்கு இடையிலான சந்து வழியே ஆடுகள் ஒவ்வொன்றாக வெளியேறும். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கல்லைப் பையில் போட வேண்டும். மாலையில் அதே சந்தைக் கடந்து மந்தை இளைப்பாறும் இடத்துக்கு வரும்போது, ஆட்டுக்கு ஒரு கல்லாக வெளியே எடுக்க வேண்டும். நொடிக்கு இரண்டு ஆடு வீதம் விட்டால் 50 நொடிகளில் முடியும். சற்று அலுப்பாகத்தான் இருக்கும். இறுதியில் சந்து வெறிச்சோடிக் கிடக்கும். பையில் ஒரு கல் மிஞ்சும். எந்த எழுத்தும் தேவையில்லை. அந்தக் கல் தேடல் முழுவதும் திரையின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கட்டும்.

தொண்ணூற்றொன்பதை என்ன செய்வது?

வடிவமைப்பில் மிகக் கடினமான இடம் இதுதான். ஓவியங்களும் பாடல்களும் 99 ஆடுகளையும் பாதுகாப்பான பட்டியில் அடைத்துவிட்டன. லூக்கா அப்படிச் சொல்லவில்லை. ஆளற்ற வெளியிலே விட்டான் என்கிறார். பட்டியில் அடைத்துப் பூட்டிவிட்டுப் போனால் அந்த மேய்ப்பன் எதையும் பணயம் வைக்கவில்லை. மாலை உலாவுக்குப் போவதும் அதுவும் ஒன்றே.

சரி, ஓநாய் வந்து ஐந்தைத் தூக்கிச் செல்லட்டும் என்று விதி வைத்தால்? ஒன்றைத் தேடி ஐந்தை இழந்தவன் என்று கணக்கு அவனை முட்டாளாக்கும். விளையாட்டு வசனத்தை மறுத்து வாதிடும். பகடை போட்டாற்போல் சில முறை இழப்பு, சில முறை இழப்பில்லை என்று வைத்தால் அது சூதாட்டம். மூலத்தில் 99-இன் கதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்தைக் காப்பதே நேர்மையானது. அதாவது, தேடப் போனபின் மந்தை திரையில் தெரியக் கூடாது. அவற்றின் கழுத்து மணியோசை மட்டும் தூரத்துக்கேற்பக் குறைந்துகொண்டே போய் ஓரிடத்தில் கேளாமல் நின்றுவிட வேண்டும். அவை பத்திரமாக இருக்கின்றனவா என்று விளையாட்டு முன்கூட்டிச் சொல்லாது. திரும்பி வரும்போது இருக்கும். ஆனால் அதை அறியாமல்தான் போக வேண்டும். இம்முறைக்கு ஒரு குறை உண்டு: இரண்டாம் முறை விளையாடுபவருக்கு அந்த அச்சம் இராது. சிறு விளையாட்டு ஒருமுறை விளையாடப்பட்டாலே போதும் என்று ஏற்றுக்கொள்வதைத் தவிர இதற்கு வழியில்லை.

'திரும்பு' என்ற பொத்தான் எப்போதும் திரையில் இருக்க வேண்டும். ஆடு இல்லாமல் திரும்பினால் கண்டிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. மந்தை அங்கே இருக்கும், பையில் கல்லும் இருக்கும். விளையாட்டு மட்டும் முடியாது.

தேடல்

ஆட்டின் குரலைக் கொண்டு தேட வைப்பது எளிய வழி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருளான ஸ்கிராட்ச் இதற்குப் போதுமானது. அதன் அரங்கு 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் கொண்டது. பித்தாகரசு தேற்றப்படி மூலைக்கு மூலை 600 அலகு. எனவே ஒலியளவு = 100 − தூரம் ÷ 6 என்று வைத்தால், ஆட்டின் அருகே முழு ஒலியும் எதிர்மூலையில் மௌனமும் கிடைக்கும். ஒரே திரை தேடலுக்குப் போதாது. 3 × 3 என ஒன்பது திரைகளை இணைத்தால் மூலைக்கு மூலை 1800 அலகு ஆகும். அப்போது 18-ஆல் வகுக்க வேண்டும். ஒலி இடமா வலமா என்று காதணிக் கருவியில் உணர்த்தவும் ஸ்கிராட்சில் வசதியுண்டு. காது கேளாதவர்க்காகக் குளம்படித் தடங்களைத் தரையில் சேர்ப்பது கட்டாயம். ஒரே பாத்திரத்தின் நகல்கள் 300 வரை ஸ்கிராட்சில் அனுமதிக்கப்படுவதால் 100 ஆடுகள் சிக்கலில்லை. மேலும் வளர விரும்புவோர் கோடோ என்ற திறந்தமூல இயங்குபொறிக்கு மாறலாம்.

ஆடு இருக்கும் இடத்தைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் விளையாடுபவர் நிற்கும் இடத்தருகே ஆட்டைக் கொண்டுவந்து வைக்கும் தந்திரம் சில விளையாட்டுகளில் உண்டு. இங்கே அது ஏமாற்று. தேடாமலே கிடைத்தது தேடிக் கிடைத்ததாகாது.

திரும்பும் வழி

பெரும்பாலான மாதிரிகள் ஆடு கிடைத்த நொடியில் வாணவேடிக்கையோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் லூக்கா 15:5-இல் அவன் ஆட்டைத் தோள்மேல் போட்டுக்கொள்கிறான். 15:6-இல் வீட்டுக்கு வந்து நண்பரையும் அயலாரையும் கூப்பிடுகிறான். படங்களில் தோளில் இருப்பது பெரும்பாலும் குட்டி. வசனத்தில் இருப்பது ஆடு. வளர்ந்த செம்மறியைச் சுமந்து குன்றேறுவது எளிதன்று. எனவே நடை வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வந்த தூரம் முழுவதையும் அதே வேகத்தில் திரும்பி நடக்க வைக்க வேண்டும். பாதி வழியில் மணியோசை மீண்டும் காதில் விழத் தொடங்கும். இது வெறும் ஒலிக்கோப்புதான். ஆயினும் விளையாட்டின் மிகச் சிறந்த நொடி இதுவாக அமையலாம்.

ஊருக்கு வந்ததும் கதவுகளைத் தட்டும் பொத்தான் வேண்டும். இந்த அதிகாரம், பாவிகளோடு இயேசு உண்பதைக் கண்டு சிலர் முறுமுறுப்பதில் தொடங்குகிறது. மூத்த மகன் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்பதில் முடிகிறது. எனவே, தட்டியும் திறவாத கதவு ஒன்று இருப்பது பொருத்தமே. திறந்தவர்கள் கூடியபின், பையிலுள்ள கடைசிக் கல்லை விளையாடுபவரே எடுத்துக் கீழே போட வேண்டும். 'லூக்கா 15:4' என்ற எண் மட்டும் அதன்பின் தோன்றினால் போதும். வசனத்தை முழுமையாக அச்சிட விரும்பினால், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் போன்ற அண்மை மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதை நினைவில் கொண்டு அனுமதி பெற வேண்டும்.

சோதித்தல்

உருவாக்கியவருக்கு ஆடு எங்கே என்று தெரியும் என்பதால் அவரது சோதனை செல்லாது. உவமையை அறியாத நால்வர் ஐவரிடம் விளையாட்டைக் கொடுத்து, வாய்பேசாமல் பக்கத்தில் அமர்ந்து கவனிக்க வேண்டும். முடிந்ததும் இது எதைப் பற்றியது என்று கேட்கலாம். 'ஆடு பிடிக்கிற விளையாட்டு' என்ற விடை வந்தால் கல்லும் சந்தும் தம் வேலையைச் செய்யவில்லை. 'ஒன்று குறைந்தால் முடியாதாம்' என்று சலிப்போடு சொன்னாலும் விளையாட்டு சரியாக அமைந்திருக்கிறது.

இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்வது பயன்தரும்: கல் மிஞ்சியதைக் கண்டபின் மந்தையை விட்டுக் கிளம்ப எத்தனை நொடி ஆயிற்று என்பது ஒன்று, 'திரும்பு' பொத்தானை முதன்முதலில் எப்போது அழுத்தினர் என்பது மற்றொன்று. எல்லோரும் உடனே கிளம்பி, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையானால், 99 ஆடுகளும் பின்னணிப் படமாகிவிட்டன என்று பொருள். அப்போது தேடலைக் கடினமாக்குவதில் பயனில்லை. காலைக் காட்சிக்குத் திரும்பி, மந்தையோடு நடக்கும் நேரத்தை நீட்டி, சில ஆடுகளுக்காவது தனித்த நிறமோ நொண்டும் நடையோ கொடுத்து, மறுபடி சோதிக்க வேண்டும்.